ஷிஃப்ட் பேருந்தில் ஏறும் முன்: நெல்லை வாசகர்களின் வேலைவாய்ப்புக் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் இந்தக் கேள்வி-பதில் பகுதிக்கான அறிவிப்பு வெளிவந்த பிறகு திருநெல்வேலி, தென்காசி, தூத்துக்குடி மாவட்டங்களிலிருந்து வந்து சேர்ந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியையே வெவ்வேறு சொற்களில் கேட்டிருந்தன: என்ன படித்தால் வேலை கிடைக்கும்? தொழிற்பயிற்சிக் கூடத்தில் இருபத்தெட்டு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்வியைச் சற்றுத் திருப்பிப் போட விரும்புகிறேன். நம் வீட்டிலிருந்து போய்வரக் கூடிய தூரத்தில் எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், அந்த வேலைக்கு எந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்பதை முதலில் விசாரித்துத் தெரிந்துகொண்டு, அதற்குப் பிறகே எந்தப் படிப்புக்குப் பணம் கட்டுவது என்று முடிவு செய்ய வேண்டும். கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பில் 288 மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறான். பேட்டை அரசு ஐ.டி.ஐ.யில் சேர வேண்டும் என்று ஆசைப்படுகிறான். என் அண்ணனோ, "படிப்பு ஏறாத பிள்ளைகள் போகிற இடம் அது, பேசாமல் பதினொன்றாம் வகுப்பில் சேர்த்துவிடு" என்கிறார். ஐ.டி.ஐ.யில் சேர்த்தால் நம்மூர்ப் பக்கமே வேலை கிடைக்குமா? எந்த டிரேடில் (தொழிற்பிரிவில்) சேர்ப்பது?
(வாசகி, சேரன்மகாதேவி)

பதில்: தங்கள் அண்ணன் மருமகன்மேல் உள்ள அக்கறையில்தான் அப்படிச் சொல்லியிருப்பார், அவர் படித்த காலத்தில் அந்தப் பேச்சு ஊரெங்கும் இருந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் இன்றைய நிலைமை வேறு. மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் இருக்கும் கங்கைகொண்டான் சிப்காட் தொழிற்பேட்டையில் டயர் ஆலை ஓடிக்கொண்டிருக்கிறது. டாடா பவர் நிறுவனத்தின் சூரிய மின்தகடு ஆலை அங்கே 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. தூத்துக்குடியில் வியட்நாமைச் சேர்ந்த வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார் ஆலை, ஆண்டுக்கு 50,000 வண்டிகள் என்ற தொடக்கத் திறனோடு, 2025 ஆகஸ்ட் 4 அன்று திறக்கப்பட்டது. இத்தகைய ஆலைகளில் ஓர் இயந்திரம் நின்றுபோனால் அதை மறுபடி ஓட வைக்க முதலில் ஓடுகிறவர்கள் ஃபிட்டரும் எலக்ட்ரீஷியனும்தான். ஆலைக்கு வெளியே நகரத்திலும் அப்படியே: வண்ணார்பேட்டையிலும் பெருமாள்புரத்திலும் எழும்புகிற ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஜவுளிக்கடைக்கும் அடுக்குமாடிக்கும் லிஃப்ட், ஜெனரேட்டர், குளிர்சாதனம், தண்ணீர் மோட்டார் ஆகியவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும்.

எந்த டிரேடு என்பதற்கு மகனின் கையைப் பார்த்துத்தான் பதில் சொல்ல முடியும். பயிற்சியின் முதல் மாதத்தில் பிள்ளைகளிடம் ஓர் இரும்புத் துண்டையும் அரத்தையும் கொடுத்து, அதை வைஸில் பூட்டி நான்கு பக்கமும் நேராக ராவச் சொல்வோம். ராவி முடித்ததும் மூலைமட்டத்தை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்போம். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தால் மறுபடி ராவ வேண்டும். மூன்றாம் நாள் கைவலி என்று ஒதுங்குகிற பிள்ளையும் உண்டு. சாப்பாட்டு மணி அடித்த பிறகும் மூலைமட்டத்தைக் கீழே வைக்காத பிள்ளையும் உண்டு. தங்கள் மகன் இரண்டாவது வகை என்றால் ஃபிட்டரில் சேருங்கள். வீட்டில் மிக்சியையும் மின்விசிறியையும் கழற்றிப் பார்க்கிற பிள்ளை என்றால் எலக்ட்ரீஷியன் பொருந்தும். இரண்டும் இரண்டு ஆண்டுப் பயிற்சிகள். குளிர்சாதன மெக்கானிக் பயிற்சியும் இரண்டு ஆண்டுதான். அதற்கு இன்று நெல்லை நகரத்திலேயே நல்ல தேவை இருக்கிறது.

வெல்டர் பயிற்சி ஓர் ஆண்டு. அதைச் சுலபமான வழி என்று பலர் நினைப்பது தவறு. கூடங்குளம் போன்ற பெரிய கட்டுமானங்களில் குழாய் வெல்டிங்குக்கு ஆள் எடுக்கும்போது 6ஜி என்ற சோதனை வைப்பார்கள். குழாயை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் அசையாமல் நிறுத்திவிடுவார்கள். அதைத் திருப்பக் கூடாது, வெல்டர்தான் சுற்றிவந்து, குனிந்தும் மல்லாந்தும் ஒரே சீராக இணைக்க வேண்டும். முதல் ஓட்டம் உள்ளே சரியாக இறங்கியிருக்கிறதா என்று குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். அந்தச் சோதனையில் தேறியவரின் ஊதியத்தோடு சாதாரண இரும்புக் கேட் வெல்டிங் செய்பவரின் ஊதியத்தை ஒப்பிடவே முடியாது. அந்த நிலைக்கு வர ஓர் ஆண்டுப் பயிற்சி போதாது, அதற்குப் பின் சில ஆண்டுகள் கை பழக வேண்டும் என்பதை மகனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் ₹750 உதவித்தொகையும் பேருந்துச் சலுகையும் உண்டு. மகன் அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் மாதம் ₹1,000 பற்றியும் சேரும்போதே கேளுங்கள். மேலே படிக்கும் வழி அடைபட்டுவிடும் என்று தங்கள் அண்ணன் அஞ்சினால், இரண்டு ஆண்டுப் பயிற்சி முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்பதை அவரிடம் சொல்லுங்கள். பயிற்சி முடிந்ததும் ஏதேனும் ஓர் ஆலையில் அப்ரண்டிஸாக, அதாவது தொழில் பழகுநராகச் சேர்ந்து அந்தச் சான்றிதழையும் வாங்கிவிட வேண்டும். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி ஐ.டி.ஐ. முடித்த அப்ரண்டிஸுக்கு மாதம் ₹7,000 குறைந்தபட்ச உதவித்தொகையாக வகுக்கப்பட்டது. தொகை சிறிதுதான், ஆனாலும் அந்த ஓர் ஆண்டு வேலை அனுபவம் பிறகு எந்த ஆலை வாசலிலும் பேசும்.

கேள்வி: பி.இ. மெக்கானிக்கல் முடித்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சென்னையில் ஒரு கால் சென்டரில் வேலை பார்க்கிறேன். எங்கள் ஊரைச் சுற்றி அணுமின் நிலையம், காற்றாலைகள், மகேந்திரகிரி இஸ்ரோ மையம் என்று எல்லாம் இருந்தும் எனக்கு ஊர்ப்பக்கம் வேலை கிடைக்காதா?
(வாசகர், வள்ளியூர்)

பதில்: கிடைக்கும், தம்பி. ஆனால் பி.இ. என்ற பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு கேட்டால் கிடைப்பது கடினம். பட்டத்தோடு ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்யத் தெரியும் என்று காட்ட வேண்டும்.

கூடங்குளத்தில் ஒவ்வொன்றும் 1,000 மெகாவாட் திறன் கொண்ட முதல் இரண்டு அலகுகள் மின்சாரம் தருகின்றன. மூன்று முதல் ஆறு வரையிலான அலகுகளின் கட்டுமானம் தொடர்கிறது. அணுமின் கழகம் தானே எடுக்கும் பொறியாளர்களை, பொறியியல் பட்டதாரிகளுக்கான கேட் (GATE) தேர்வு மதிப்பெண்ணை வைத்து எடுக்கிறது. அந்தத் தேர்வை எழுதும் எண்ணம் இருந்தால் இந்த ஆண்டே எழுதுங்கள். அதற்கு வெளியே கட்டுமான ஒப்பந்த நிறுவனங்களில் தேவைப்படுகிறவர்களில் முக்கியமானவர்கள் சோதனைப் பொறியாளர்கள். வெல்டிங் செய்த இடத்தை வெட்டாமல், உடைக்காமல், எக்ஸ்ரே, அல்ட்ராசோனிக், சாய ஊடுருவல் முதலிய முறைகளால் உள்ளே குறை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை அது, என்.டி.டி. என்று சொல்வார்கள். அதில் லெவல் 2 சான்றிதழ் வாங்கிய மெக்கானிக்கல் பட்டதாரிக்கு இங்கும் தேவை உண்டு, தூத்துக்குடி அனல்மின் நிலையங்களிலும் உண்டு, வெளிநாட்டு எண்ணெய் ஆலைகளிலும் உண்டு. பயிற்சி சில வாரங்களில் முடிந்துவிடும். அதற்குப் பின் அனுபவ நேரத்தைக் கணக்குக் காட்டுவதில்தான் சிரமம் இருக்கிறது என்பதால், முதல் ஆண்டில் கிடைக்கிற தளத்துக்குப் போகத் தயாராக இருங்கள்.

காற்றாலையைப் பொறுத்தவரை, தாங்கள் சிறு வயது முதல் பார்த்து வளர்ந்த பணகுடி, ராதாபுரம், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகளுக்கு ஆண்டு முழுவதும் ஒரே அளவு வேலை இருப்பதில்லை. வைகாசி தொடங்கிப் புரட்டாசி வரை கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று பாயும் மாதங்களில் ஒரு மணி நேரம் நின்றாலும் உரிமையாளருக்கு இழப்பு என்பதால், பங்குனி, சித்திரையிலேயே பல் சக்கரப் பெட்டிக்கு எண்ணெய் மாற்றுவது, போல்ட்டுகளை அளவு பார்த்து முறுக்குவது போன்ற பராமரிப்பை முடித்துவிடுவார்கள். இந்த வேலைக்கு நிறுவனங்கள் முதலில் பார்ப்பது உயரத்தில் அச்சமின்றி நிற்கிறீர்களா என்பதைத்தான். எண்பது மீட்டர் கோபுரத்தின் உட்புற ஏணியில், இடுப்பிலும் தோளிலும் பட்டை கட்டி, கருவிப் பையோடு ஏறி, உச்சியில் உள்ள சின்ன அறையில் இருந்துகொண்டு வேலை செய்ய வேண்டும். ஜி.டபிள்யூ.ஓ. என்ற பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் முன்னுரிமை கிடைக்கும். அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன், தெரிந்தவர் மூலம் ஒரு தடவை மேலே ஏறிப் பார்த்துவிட முடிந்தால் ஏறிப் பாருங்கள். ஏறியவர்களில் சிலர் இறங்கி வந்ததும் வேறு வேலை தேடிப் போனதை நான் கண்டிருக்கிறேன். அது கோழைத்தனம் ஆகாது, உடம்பின் இயல்பு.

ஒப்பந்த நிறுவனத்தில் சேரும்போது சம்பளச் சீட்டு யார் பெயரில் வரும், வருங்கால வைப்பு நிதி எண் தருவார்களா, இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடிக்கிறார்களா என்ற மூன்றையும் முதல் நாளே கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் உழைத்த பிறகு அந்த அனுபவத்தை நிரூபிக்க ஒரு காகிதமும் கையில் இல்லாமல் என்னிடம் வந்து நின்ற பிள்ளைகள் பலர்.

கேள்வி: எனக்கு வயது 34. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். பதினைந்து ஆண்டுகளாக பீடி சுற்றுகிறேன். சோலார் கம்பெனியில் பெண்களை நிறைய எடுக்கிறார்கள் என்கிறார்கள். என்னை எடுப்பார்களா?
(வாசகி, முக்கூடல்)

பதில்: சகோதரி, பெண்களை எடுக்கிறார்கள் என்பது உண்மைதான். கங்கைகொண்டான் சூரிய மின்தகடு ஆலையின் பணியாளர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆயினும் இத்தகைய ஆலைகள் உற்பத்தி வரிசைக்குப் பெரும்பாலும் பள்ளி, ஐ.டி.ஐ., டிப்ளமோ முடித்து வெளிவந்த இளம் பெண்களையே தேடுகின்றன என்பதைத் தங்களிடம் மறைக்கக் கூடாது. முப்பது வயதைத் தாண்டியவருக்கு அந்த வாசல் குறுகலாகத்தான் இருக்கிறது. ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு சேர்த்துவிடுகிறேன் என்று சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

ஆனால் தங்கள் கையில் இருக்கும் திறமையைத் தாங்களே குறைத்து மதிப்பிட வேண்டாம். மடியில் தட்டை வைத்து, இலையை அளவாக வெட்டி, தூள் சிந்தாமல் சுருட்டி, நூல் சுற்றி, நாளுக்கு நூற்றுக்கணக்கில் ஒரே கனத்தில் அடுக்குகிற விரல்கள் அவை. ஒரு மின்தகட்டை எடுத்துக்கொண்டால், தாளைப் போல் மெல்லிய சிலிக்கன் சில்லுகளைக் கம்பி வைத்து இணைத்து, இருட்டறையில் மின்சாரம் பாய்ச்சிப் படம் எடுப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத கீறல் அந்தப் படத்தில் தலைமுடி விழுந்தது போலக் கருப்பாகத் தெரியும். இயந்திரங்கள் எவ்வளவு வந்தாலும் மெல்லிய பொருளைப் பதறாமல் கையாளுகிற கைக்கும், சலிக்காமல் பார்க்கிற கண்ணுக்கும் அங்கே வேலை இருக்கிறது. பெரிய ஆலையில் வயது தடையானால், அந்த ஆலைகளுக்குப் பொருள் கொடுக்கும் சிறு நிறுவனங்களில் வயரிங் கட்டுவது, பொருத்துவது, பொதி கட்டுவது போன்ற வேலைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே வயதைவிடக் கைவேகத்தைத்தான் பார்ப்பார்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஐ.டி.ஐ.யில் பெண்களுக்கு உச்ச வயது வரம்பு கிடையாது. கணினி இயக்குபவர் பயிற்சி ஓர் ஆண்டில் முடியும். மருத்துவமனை வரவேற்பு, பில்லிங், கிடங்குக் கணக்கு ஆகிய வேலைகளுக்கு அது உதவும். ஓர் ஆண்டு வருமானம் குறையுமே என்ற கவலை எனக்குப் புரிகிறது. வீட்டில் கலந்து பேசி, அந்த ஓர் ஆண்டைத் தாங்க முடியுமா என்று கணக்குப் பார்த்துவிட்டுச் சேருங்கள். அரசுப் பள்ளியில் படிக்கும் மகள் இருந்தால், அவள் கல்லூரிக்கோ ஐ.டி.ஐ.க்கோ போகும்போது புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 கிடைக்கும்; அவளைப் பீடித் தட்டின் பக்கம் உட்கார வைக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

கேள்வி: ஏ.சி. மெக்கானிக்காக இருக்கிறேன். வளைகுடா நாட்டில் வேலை வாங்கித் தருவதாக ஒருவர் ஒன்றரை லட்சம் கேட்கிறார். முதலில் விசிட் விசாவில் போய்ப் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். போகலாமா?
(வாசகர், மேலப்பாளையம்)

பதில்: போக வேண்டாம். விசிட் விசாவில் வேலைக்குப் போவது அந்த நாட்டுச் சட்டப்படியே குற்றம். அங்கே பிடிபட்டால் ஊதியம் கேட்கவும் முடியாது, ஊருக்குத் திரும்பவும் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி மத்திய அரசிடம் பதிவு பெற்ற முகவர் மட்டுமே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம்; அவரும் சேவைக் கட்டணமாக ₹30,000-க்கும் அதற்குரிய ஜி.எஸ்.டி.க்கும் மேல் வாங்கக் கூடாது. தங்களிடம் கேட்கப்பட்ட தொகையே அவர் எப்படிப்பட்டவர் என்று காட்டிவிடுகிறது. மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு எண்ணைப் போட்டு முகவரைச் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது. அங்கே பெயரைப் பதிந்துவைத்து அறிவிப்புகளைப் பாருங்கள்.

அது வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. இன்றைய புது ஏ.சி.க்களில் பல இன்வெர்ட்டர் வகை. அவற்றின் மின்னணுப் பலகையைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் நம் நகரத்தில் குறைவு. ஆர்-32, ஆர்-290 என்ற புது வாயுக்கள் தீப்பற்றும் தன்மை உடையவை என்பதால் பழைய முறையில் கேஸ் நிரப்புவது ஆபத்தும் கூட. இந்த இரண்டையும் முறையாகக் கற்றுக்கொண்டால் சித்திரை வெயிலில் தங்களுக்கு நிற்க நேரம் இருக்காது. பிற்பாடு முறையான வழியில் வெளிநாடு போனாலும் அதற்கு ஏற்ற ஊதியத்தைக் கேட்க முடியும்.

கேள்வி: பி.எஸ்சி. இயற்பியல் முடித்து மூன்று ஆண்டுகளாக டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துவருகிறேன். வயது 24. சென்ற குரூப் 4 தேர்வில் சில மதிப்பெண்களில் வாய்ப்பை இழந்தேன். விட்டுவிடவும் மனமில்லை, வீட்டு நிலைமையும் சரியில்லை.
(வாசகர், சங்கரன்கோவில்)

பதில்: 2025 ஜூலை 12 அன்று நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட பணியிடங்கள் 3,935, விண்ணப்பித்தவர்கள் 13 லட்சத்துக்கும் மேல். இந்த எண்களைத் தங்களை அதைரியப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. சில மதிப்பெண்களில் தவறவிட்டவர் உண்மையாகவே படித்தவர். அந்த உழைப்பை வைத்துக்கொண்டு ஒரே கதவைத் தட்டிக்கொண்டிருப்பது போதாது என்பதே என் கருத்து.

இயற்பியல் பட்டதாரிக்குத் திறந்திருக்கும் வேறு அரசுக் கதவுகளை நம் பிள்ளைகள் கவனிப்பதே இல்லை. அணுமின் கழகம் உதவித்தொகையுடன் பயிற்சி தந்து எடுக்கும் ஊழியர்களில் முதல் பிரிவுக்கு பி.எஸ்சி. படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம், மதிப்பெண் விழுக்காடும் வயது வரம்பும் கண்டிப்பானவை என்பதால் அறிவிப்பு வந்த அன்றே படித்துப் பாருங்கள், தங்கள் வயதில் தள்ளிப்போட நேரமில்லை. ரயில்வேயில் சிக்னல் பிரிவு முதல்நிலை டெக்னீசியன் பணிக்கும் இயற்பியல் பட்டம் தகுதியே. இரண்டுக்கும் தாங்கள் ஏற்கெனவே படித்த கணக்கும் பொது அறிவும் பெருமளவு பயன்படும்.

வீட்டு நிலைமையைப் பற்றி எழுதியிருப்பதால் இதையும் சொல்கிறேன்: பகலில் ஏதேனும் ஒரு வேலைக்குப் போங்கள். நூலகத்தில் பத்து மணி நேரம் உட்கார்ந்தவரைவிட, வேலைக்குப் போய்விட்டு விடியற்காலையில் மூன்று மணி நேரம் படித்தவர் தேர்ச்சி பெற்றதை நான் ஒருமுறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். கையில் சம்பளம் இருக்கும்போது தேர்வு அறையில் பதற்றம் குறைகிறது.

கேள்வி: மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு. நீட் தேர்வில் இடம் கிடைக்கவில்லை. நர்சிங் சேர்ப்பதா, லேப் டெக்னீசியன் சேர்ப்பதா?
(வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: பாளையங்கோட்டையில் 1965இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரியையும் அதன் மருத்துவமனையையும் ஒட்டி, ஹைகிரவுண்டிலிருந்து வண்ணார்பேட்டை வரை தனியார் மருத்துவமனைகள் பெருகியிருப்பதைத் தாங்களே பார்த்திருப்பீர்கள். கன்னியாகுமரி மாவட்டத்திலிருந்தும் கோவில்பட்டியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். எனவே தங்கள் மகளின் படிப்புக்கு இங்கேயே வேலை இருக்கும். எந்தப் படிப்பு என்பது அவளுடைய மனத்தைப் பொறுத்தது. நோயாளி அருகில் நின்று ஆறுதல் சொல்லவும், இரவுப் பணி பார்க்கவும் தயங்காதவள் என்றால் பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டுகள். ஜெர்மனி போன்ற நாடுகளுக்குப் போகும் வழியும் அதில் உண்டு. அதற்கு ஜெர்மன் மொழியில் பி2 நிலை வரை படிக்க வேண்டும் என்பதால், மொழிப் படிப்பைக் கடைசி ஆண்டுக்குத் தள்ளிவைக்கக் கூடாது.

லேப் டெக்னீசியன் படிப்பைப் பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பதால் அதில் போட்டி கூடிவிட்டது. அதே துறையில் டயாலிசிஸ், அறுவை அரங்கு, மயக்க மருந்துப் பிரிவு ஆகியவற்றுக்கான டெக்னீசியன் படிப்புகளைப் பற்றி எவரும் கேட்பதில்லை. மருத்துவமனைகளோ அவர்களைத்தான் தேடிக்கொண்டிருக்கின்றன. செலவு செய்ய வழியில்லாத குடும்பம் என்றால், அரவிந்த் கண் மருத்துவமனை பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை எடுத்து, உதவித்தொகையோடு இரண்டு ஆண்டுகள் கண் பராமரிப்புப் பயிற்சி தந்து வேலையும் தருகிறது. அதன் திருநெல்வேலிக் கிளையில் நேரில் போய் விசாரியுங்கள்.

எந்தக் கல்லூரியில் சேர்த்தாலும் பணம் கட்டும் முன் ஒன்றைச் செய்யுங்கள். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலின் ஒப்புதலும் இந்த ஆண்டுக்கு நடப்பில் உள்ளனவா என்று கேட்டு, ஆணையைக் கண்ணால் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் என் உறவுக்காரப் பெண் ஒருத்தி, பெயர்ப்பலகையை நம்பி ஓர் இடத்தில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் படித்த பிறகு, அந்தச் சான்றிதழை வைத்துக் கவுன்சிலில் பதிவே செய்ய முடியாது என்று தெரிந்து அழுதாள். அவளுடைய தகப்பனார் வயலை ஒத்திக்கு வைத்துக் கட்டிய பணம் அது.

கேள்வி: குலசேகரன்பட்டினம் ராக்கெட் தளத்தில் வேலைக்கு முன்பதிவு என்று ஒருவர் ₹20,000 கேட்கிறார். கொடுக்கலாமா?
(வாசகர், நாங்குநேரி)

பதில்: கொடுக்காதீர்கள். 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்ட அந்தத் தளத்துக்கும் சரி, மகேந்திரகிரி மையத்துக்கும் சரி, இஸ்ரோ தன் இணையதளத்தில் வெளிப்படையாக அறிவித்து, தேர்வு வைத்தே ஆள் எடுக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவர்களுக்கான டெக்னீசியன் பணிகளும் அப்படித்தான். முன்பதிவு என்ற ஒன்று கிடையாது. பணம் கேட்டவரின் தொலைபேசி எண்ணைக் காவல் நிலையத்தில் கொடுங்கள்.

கேள்வி: பிளஸ் 2 முடித்த மகனை ₹80,000 கட்டி ஆறு மாத செயற்கை நுண்ணறிவுப் படிப்பில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
(வாசகி, பாவூர்சத்திரம்)

பதில்: சேர்க்கும் முன் அந்த நிறுவனத்தில் சென்ற ஆண்டு படித்து வேலைக்குப் போன மூன்று பிள்ளைகளின் தொலைபேசி எண்ணைக் கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். நிரல் எழுதத் தெரியாத பிள்ளைக்கு ஆறு மாதத்தில் செயற்கை நுண்ணறிவு கற்பிப்பது, அடித்தளம் தோண்டாமல் மாடி கட்டுவதைப் போன்றது.

தங்கள் ஊரிலிருந்து அதிகத் தொலைவில்லாத மத்தளம்பாறையில் ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011 முதல் இயங்குகிறது. பிளஸ் 2 அல்லது டிப்ளமோ முடித்தவர்களைத் தேர்வு செய்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் தந்து இரண்டு ஆண்டுகள் கற்பிக்கும் பள்ளியை அந்த நிறுவனம் நடத்துகிறது. அங்கே சேரப் போட்டி அதிகம்; ஆனாலும் விண்ணப்பிக்கக் காசு கேட்பதில்லை. இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. கணினி அறிவியல் அல்லது பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டு, தமிழ்நாடு அரசின் 'நான் முதல்வன்' திறன் பயிற்சித் திட்டத்தில் வரும் பயிற்சிகளைத் தவறாமல் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்த ₹80,000-இல் ஒரு பகுதிக்கு நல்ல மடிக்கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்தால் அது மூன்று ஆண்டுகளுக்கு உழைக்கும்.

கேள்வி: இருபது ஆண்டுகளாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன். இப்போது அடுக்குமாடி ஒப்பந்ததாரர்கள் சான்றிதழ் இருந்தால்தான் வேலை என்கிறார்கள். இந்த 43 வயதில் நான் என்ன செய்வது?
(வாசகர், பேட்டை)

பதில்: இந்த மாதம் வந்த கடிதங்களில் என்னை மிகவும் யோசிக்க வைத்தது தங்கள் கடிதம்தான். தொழில் கையில் இருந்தும் காகிதம் இல்லாததால் வாசலில் நிற்கிறவர்கள் நம் நகரத்தில் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். தங்களுக்கென்றே ஒரு தேர்வு இருக்கிறது. வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறை நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு அது. குறைந்தபட்ச வயது 21. மேல் வரம்பு இல்லை. வயரிங் தொழிலில் ஐந்து ஆண்டு அனுபவம் வேண்டும். அறிவிப்பு எப்போது, விண்ணப்பம் எங்கே என்பதைத் தங்கள் ஊர் அரசு ஐ.டி.ஐ. அலுவலகத்திலேயே கேட்டு அறியலாம்.

செய்முறையில் தங்களுக்குச் சிரமம் இருக்காது. கேள்விகளுக்குச் சொல்லால் பதில் சொல்வதில்தான் அனுபவசாலிகள் தடுமாறுகிறார்கள். எர்த் எதற்காகப் போடுகிறோம், எந்தச் சுமைக்கு எந்தத் தடிமன் கம்பி, மின்கசிவுக்கான பாதுகாப்புச் சுவிட்சான ஆர்.சி.சி.பி. எப்போது விழும் என்பவற்றைத் தாங்கள் இருபது ஆண்டுகளாகச் செய்துவருகிறீர்கள். அவற்றை வாய்விட்டு விளக்கிச் சொல்லிப் பழகுங்கள். பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள். தேர்வு முடிந்ததும் வீட்டு மாடி சோலார் வயரிங்கையும் கற்றுக்கொள்ளுங்கள். 2024 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்ட பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட் அமைப்புக்கு ₹78,000 வரை மானியம் கிடைப்பதால் அந்த வேலை கூடிக்கொண்டிருக்கிறது. நேர்மின்சாரப் பக்கத்தில் இணைப்புத் தளர்ந்தால் தீப்பொறி அணையாது என்பதால் கவனமான கையைத்தான் அதற்குத் தேடுகிறார்கள்.

விண்ணப்பத்தோடு அனுபவச் சான்று இணைக்க வேண்டியிருக்கும். தாங்கள் சேர்ந்து வேலை செய்த, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் ஒருவரிடம், அவருடைய உரிம எண்ணோடும் முத்திரையோடும் அதை இந்த வாரமே எழுதி வாங்கிவிடுங்கள். தீபாவளி வேலை தொடங்கிவிட்டால் அவரை ஓரிடத்தில் உட்கார வைப்பது கடினம்.